சொத்தையே இல்லாமலும் பல் விழும்

வாயில் ஒரு சொத்தைப் பல்கூட இல்லாத ஆளுக்கு 45 வயதில் எல்லாப் பல்லும் விழுந்துவிடுமா? விழும். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் இதைக் கண்ணால் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் அளந்தே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஹரால்டு லோ என்ற நார்வேக்காரப் பல் மருத்துவ ஆய்வாளரின் குழு 1970-ல் அங்கே போனது. இரண்டு தோட்டங்களில், 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. உழைத்து உரமேறிய உடம்புக்காரர்கள். சொத்தை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பிரஷ் பிடித்துப் பல் தேய்க்கும் வழக்கமும் இல்லை, பல் டாக்டரைப் பார்த்ததும் இல்லை. பல்லெல்லாம் காரை தடித்திருந்தது. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. அதே ஆட்களை 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1985-ல் கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 161 பேர்.

அவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35-ல் 12 பல் போய், 45-ல் வாயே காலி. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நடந்தது. 45 வயதுக்குள் சராசரியாக ஏழு பல் போயிற்று. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் விழுவது அநேகமாக இல்லை. “எங்க தாத்தா பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை, எண்பது வயசிலும் முறுக்கு கடிச்சார்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைக் கவனிக்க வேண்டும். தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அப்படித்தான் என்று யார் உறுதி சொல்வது?

உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்று இந்த எண்களைப் பாடமாகப் படிக்கிறார்கள். வைத்தியமே எட்டாத இடத்தில் நம் மக்கள் வாழ்ந்ததால் கிடைத்த பாடம் இது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. அந்தப் பாடத்தை நாமே காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது அதைவிட வருத்தம்.

நடப்பது இதுதான். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வருகிறது. இந்தக் கட்டம் வரை முழுக்கக் குணமாகும். இதையும் லோதான் காட்டினார். 1965-ல் டென்மார்க்கில், ஆரோக்கியமான 12 பேரைப் பல் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. வீக்கத்தை அப்படியே விட்டால் பலருக்குப் பல்லை விட்டு ஈறு பிரிந்து பை போல ஆகிறது. உள்ளே எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வருவதில்லை.

இதில் பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் பல் ஆட ஆரம்பித்த பிறகு ஓடுகிறோம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுகிறவர்கள் ஏராளம். அங்கேதான் மென்மையாக, கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு இந்த அறிகுறியும் சரியாகத் தெரியாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், நோய் முற்றினாலும் ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும். ஈறு கறுப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நம் நிறத்துக்கு அது இயல்பு. வீக்கம், ரத்தம், விடாத வாய்நாற்றம், பல் நீண்டதுபோல் தெரிவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

பல் டாக்டரிடம் இதற்கென்றே கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார். “ரெண்டு, மூணு, ரெண்டு” என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போனால் நிம்மதியாக இருக்கலாம். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. “அஞ்சு, ஆறு” என்று கேட்டால் உள்ளே பை விழுந்திருக்கிறது என்று பொருள்.

“ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்” என்ற பயம் நம் ஊரில் பலருடைய பல்லைப் பறித்திருக்கிறது. அந்தச் சந்தைக் காரை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்கேலிங்கில் காரையை எடுத்ததும் அது தெரிகிறது, அவ்வளவுதான். காரை எந்தப் பற்பசைக்கும் பல்பொடிக்கும் அசையாது. உப்பு, செங்கல்பொடி, கரி போட்டு அழுத்தித் தேய்த்தால் பல்தான் தேயும்.

சர்க்கரை நோயாளிகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை எளிதில் கட்டுக்குள் வராது. ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு ஓரளவு இறங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். கர்ப்ப காலத்திலும் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளலாம், பயமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய நாருள்ள பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். காலையில் ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை. பல்லிடுக்கில் பிரஷ் நுழையாது. அதற்கென்று விற்கும் குட்டி பிரஷ்ஷோ நூலோ வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலை, புகையிலை கலந்த பல்பொடி இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது, சொத்தையை மட்டும் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். “ஈறு ஆழத்தையும் அளந்து பாருங்க டாக்டர்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.