கரியமில வாயுவும் நமது மரக்கன்றுகளும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலத்தில் மரக்கன்று நடுவதைப் பற்றி நம் அங்கத்தினர்கள் பேசத் தொடங்குவது வழக்கம். வடக்கே சிறுமலையும், பெரியாறு வாய்க்காலின் பாசனமும் வாய்க்கப்பெற்ற அலங்காநல்லூர் வட்டாரத்தில் வரப்போரம், வாய்க்காற்கரை, கிணற்றடி எனக் கன்று நடுவதற்கு இடத்துக்குக் குறைவில்லை. நட்ட கன்று நிழல் தருவதற்குச் சில ஆண்டுகளும், தேக்காயின் வெட்டுமரமாவதற்குப் பல்லாண்டுகளும் வேண்டும். ஆதலின், அது எத்தகைய காற்றிலும் வெப்பத்திலும் வளரப்போகிறது என்பதை நாம் முன்னரே சிந்தித்தல் நலம்.

1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024-இல் அது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

“கரியமில வாயு பயிரின் உணவன்றோ? அது பெருகினால் மரம் செழிக்குமே!” எனச் சிலர் வினவலாம். இதில் பாதி உண்மை உண்டு. இலைகள் தம் நுண்துளைகளின் வழியே இவ்வாயுவை ஈர்த்து, சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையாக்குகின்றன. மரங்களும் நெல்லும் பருத்தியும் வாயு மிகுந்தால் கூடுதலாக உணவு சமைக்கும். கரும்போ அவ்வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் வகையினது. அதற்கு இதனால் ஆதாயம் சொற்பமே. மேலும், வாயு மிகும்போது இலைத்துளைகள் சற்றே சுருங்குவதால் நீர்ச்செலவும் குறைகிறது. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனத்தார் மேற்புறம் திறந்த கூண்டுகளுக்குள் வாயுவைச் செலுத்தி, மர நாற்றுகளின் வளர்ச்சியை ஆராய்ந்துள்ளனர்.

மறுபாதியையும் காண்போம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் ஒரு தோப்புக்குப் பல்லாண்டுகள் கூடுதல் வாயு அளித்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 24 பங்கு மிகுந்த வளர்ச்சி, 2008-இல் 9 பங்காகக் குன்றியது. மண்ணில் தழைச்சத்து போதாமையே காரணமெனக் கண்டனர். ஆஸ்திரேலியாவில் மணிச்சத்துக் குறைந்த மண்ணில் நின்ற முதிய யூகலிப்டஸ் காட்டில் 2012 முதல் இவ்வாறு செய்து பார்த்தபோது, மரங்கள் கூடுதலாகப் பருக்கவே இல்லை. உலை வைக்க விறகு மிகுந்தும் அரிசி இல்லையேல் சோறேது?

வெப்பம் இன்னொரு பகை. சூடு ஏறஏற, கன்று தான் சமைத்த சர்க்கரையைச் சுவாசத்திலேயே மிகுதியாகச் செலவழிக்கிறது. காற்று வறண்டால் நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்பொழுது வெளியில் வாயு எவ்வளவு இருந்தும் உள்ளே புகாது. பெரிய மரம் ஆழ்வேரால் தப்பும். இளங்கன்றின் வேரோ மேல்மண்ணிலேயே காயும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. நாற்றுப்பையில் செம்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தையும் தவறாது கலக்க வேண்டும். புங்கு, சவுக்கு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்துத் தருவன. இவற்றையும் கலந்து நடுதல் நன்று. பைக்குள் வேர் சுருண்ட கன்றைத் தள்ளிவிடுக. நடுவதற்கு முன் சில வாரங்கள் நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்துக் கன்றை உரப்படுத்துக. ஐப்பசி மழையில் நட்டால், பங்குனி வெயிலுக்குள் வேர் கீழிறங்கும். அடியில் சருகு மூடாக்கு இடுவது ஈரத்தைக் காக்கும்.

இது விவசாயிகளுக்கு மட்டுமே உரிய காரியமன்று. வறண்ட வெப்பத்தில் பாவுநூல் அடிக்கடி அறுவதை நெசவாள அன்பர்கள் நன்கறிவர். தறிக்கூடத்தின் மேற்கே நிற்கும் ஒரு வேம்பு மாலை வெயிலைத் தாங்கி அவர்தம் உழைப்பைக் காக்கும்.

எத்தனை கன்று வழங்கினோம் என்று கணக்கெழுதுவதோடு நம் சங்கங்கள் நின்றுவிடலாகாது. இரண்டாம் கோடையையும் தாண்டி எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதையும் எண்ணி எழுதுவோமாக. காற்று தரும் உணவு இலவசம். மண்ணும் நீரும் பராமரிப்பும் நாம் தரவேண்டிய பங்குத்தொகை.