தொலைபேசியில் கேட்கும் நன்கொடை: அந்த 70 காசு யாருக்கு?

ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் அறநிறுவனங்களின் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். டிசம்பர் 31க்குள் கொடுக்கும் நன்கொடைதான் இந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதால் கேட்பவருக்கும் அவசரம், கொடுப்பவருக்கும் அவசரம். வாசகர் கடிதங்களைப் பார்த்தால், வரிக் கழிவு கிடைக்குமா, அழைத்தவர் உண்மையானவர்தானா, கொடுத்த காசு நோயாளியிடம் போய்ச் சேருமா என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தாலே மூன்றாவதற்கும் அதுதான் பதில் என்று பலர் நம்பிக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

பஃபலோ ரோடு அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமக்கு வந்த அழைப்பை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். தமிழிலேயே பேசினார்களாம். “மாதம் 20 வெள்ளிதான் அம்மா, ஒரு நாளைக்கு ஒரு கோப்பிக் காசுகூட வராது.” வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கிரோ முறையில் பிடித்துக்கொள்வார்கள். “நீங்கள் அந்த அமைப்பில் வேலை செய்கிறீர்களா?” என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு நேரான பதில் வரவில்லை. அடையாள அட்டை எண்ணைத்தான் கேட்டார்களாம்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அறநிறுவனம் தன் சார்பில் நிதி திரட்ட ஒரு வணிக நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தலாம். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம் இல்லை. அறநிறுவனச் சட்டம் இவர்களை வணிக முறை நிதி திரட்டுவோர் என்று தனியாகவே வகைப்படுத்துகிறது. அறநிறுவனத்தோடு எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கொடுப்பவருக்கு மூன்று விவரங்கள் தெரிவிக்கப்பட வேண்டும்: பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, எதற்குப் பயன்படப்போகிறது, நிதி திரட்ட வணிக நிறுவனம் அமர்த்தப்பட்டிருக்கிறதா. ஆகவே ஆசிரியை கேட்டது அவருடைய உரிமை. ஆனால் தொலைபேசி உரையாடலுக்குச் சாட்சி இல்லை. சொல்லாமல் விட்டால் யார் போய் நிரூபிப்பது?

“என் எண்ணை ‘அழைக்காதீர்’ பதிவேட்டில் சேர்த்திருக்கிறேன், பிறகு எப்படி அழைக்கிறார்கள்?” என்று சிலர் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். 2014 ஜனவரியில் நடப்புக்கு வந்த அந்தப் பதிவேடு பொருளையோ சேவையையோ விற்கும் அழைப்புகளைத்தான் தடுக்கிறது. நன்கொடை மட்டும் கேட்கும் அழைப்பு அதில் அடங்காது. அதே அமைப்பு விருந்துக்கு நுழைவுச்சீட்டு விற்க அழைத்தால் நிலைமை மாறலாம். அழைப்பவர் லாபத்துக்கு நடக்கும் நிறுவனமாக இருந்தும், கேட்பது நன்கொடை என்பதால் கதவு திறந்தே இருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, எல்லோரும் வாய்ப்பாடு போலச் சொல்லும் 30/70 விதிக்கு வருவோம். நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அழைப்பவரிடம் கேட்டால், “உங்கள் வெள்ளியில் 70 காசுக்குக் குறையாமல் போய்ச் சேருகிறது” என்பார். விதி அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வெள்ளியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. ஓர் அமைப்பு ஒரு நிதியாண்டில் எல்லா வழிகளிலும் திரட்டிய மொத்தத் தொகையையும் அதற்கான மொத்தச் செலவையும்தான் அது ஒப்பிடுகிறது. ஆதரவாளர்கள் தரும் தொகையும் அந்த மொத்தத்தில் சேரும்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஓர் அமைப்பு ஹோட்டலில் நிதி திரட்டு விருந்து நடத்துகிறது. வரவு 500,000 வெள்ளி, செலவு 50,000 வெள்ளி. அதே ஆண்டில் தொலைபேசி நிறுவனம் ஒன்றை அமர்த்துகிறது. அதன் மூலம் வரவு 100,000 வெள்ளி; நிறுவனத்துக்குக் கொடுத்த கூலி 120,000 வெள்ளி. அதாவது தொலைபேசி வழியாக வந்த ஒவ்வொரு வெள்ளியும் போய், மேலே 20 காசு விருந்துப் பணத்திலிருந்தும் போயிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் என்ன தெரியும்? மொத்த வரவு 600,000, மொத்தச் செலவு 170,000. விகிதம் 28.3 விழுக்காடு. விதி மீறப்படவில்லை. தொலைபேசியில் 20 வெள்ளி கொடுத்த ஆசிரியையின் பணத்தில் ஒரு காசுகூட நோயாளிக்குப் போகவில்லை. ஆனால் ஆண்டறிக்கையில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

கூலி 120,000 வரை போகுமா என்ற சந்தேகம் நியாயமானது. மாதச் சந்தாவுக்கு ஆள் சேர்க்கும் தொழிலில், சேர்த்துவிட்ட ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே கூலி வாங்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஒருவரைச் சேர்க்க 160 வெள்ளி கூலி என்று வைத்துக்கொள்வோம். அவர் மாதம் 20 வெள்ளி கொடுத்தால், முதல் எட்டு மாதப் பணம் முழுவதும் கூலிக்கே சரி. ஆறாம் மாதமே அவர் வங்கிக்குச் சொல்லி நிறுத்திவிட்டால் அறநிறுவனத்துக்கு 40 வெள்ளி நட்டம். ஐந்து ஆண்டு தொடர்ந்தால் 1,200 வெள்ளி வரும். கூலி அதில் 13 விழுக்காடுதான். அறநிறுவனங்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்லித்தான் தங்கள் முடிவை நியாயப்படுத்துகின்றன. அது பொய்யில்லை. ஆனால் எத்தனை பேர் ஐந்து ஆண்டு தொடர்ந்தார்கள், எத்தனை பேர் ஆறு மாதத்தில் நிறுத்தினார்கள் என்ற எண்ணிக்கையில்தான் உண்மை இருக்கிறது. பெரும்பாலான ஆண்டறிக்கைகளில் நிதி திரட்டும் செலவு ஒரே வரியாக முடிந்துவிடுகிறது. விருந்துக்கு எவ்வளவு, தொலைபேசிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி கட்டாயப்படுத்தினால் பாதிச் சந்தேகம் தீரும்.

இன்னொரு மயக்கமும் இருக்கிறது. 70 காசு போவது அறநிறுவனத்துக்கு, நோயாளிக்கு இல்லை. வாடகை, சம்பளம், சேமிப்பு எல்லாம் அதற்குள் வரும். இந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சிங்கப்பூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2005 ஜூலையில், தேசிய சிறுநீரக அறநிறுவனமும் அதன் தலைமை நிர்வாகி டி.டி. துரையும் நாளிதழ் நிறுவனமான சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் மீது தொடுத்த அவதூறு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அவருடைய அலுவலகக் குளியலறைக்குப் பொருத்திய தங்க முலாம் பூசிய குழாயைப் பற்றி எழுதியதுதான் வழக்குக்குக் காரணம். குறுக்கு விசாரணையில் வெளிவந்தவை குழாயைவிடப் பெரியவை: ஆண்டுக்கு ஏறத்தாழ 600,000 வெள்ளிச் சம்பளம், விமானத்தில் முதல் வகுப்பு, 260 மில்லியன் வெள்ளிக்கு மேல் சேமிப்பு. இரண்டாம் நாளே வழக்கைக் கைவிட்டார்கள். அவரும் நிர்வாகக் குழுவும் அதே வாரத்தில் விலகினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான, கேபிஎம்ஜி தணிக்கை நிறுவனத்தின் அறிக்கை, பொதுமக்கள் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியிலும் ஏறத்தாழ 10 காசுதான் நோயாளிகளுக்குச் செலவானது என்றது. 2007இல் துரைக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1994 முதல் அந்த அமைப்பு நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்து, கண் கலங்கித் தொலைபேசியை எடுத்தவர்களில் ஓரறை, ஈரறை வீடுகளில் இருந்தவர்களும் உண்டு. அவர்கள் நம்பியது அரசாங்கம் கொடுத்திருந்த வரிக் கழிவுத் தகுதியை. இன்றைய நிர்வாகம் வேறு, கணக்கும் வேறு. அந்த அமைப்பின் ரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்பி ஆயிரக்கணக்கானோர் உயிர் வாழ்கிறார்கள். 2007இல் சட்டம் இறுகியது, அறநிறுவன மன்றமும் வந்தது. ஆனால் மேலே போட்ட கணக்கு இன்றைய விதிக்கு உட்பட்டதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வெளிநாடுகள் இதைவிட மோசம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் பெயரில் நிதி திரட்டிய ஒரு தொலைபேசி நிறுவனம் வெள்ளிக்கு 85 காசு வீதம் தானே வைத்துக்கொண்டது. கூலி அதிகம் என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது, ஆனால் கொடுப்பவரிடம் பொய் சொன்னால் மோசடி வழக்குத் தொடரலாம் என்று 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே இன்னொரு தந்திரமும் உண்டு. அழைப்பின் நடுவே நோய் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, செலவில் ஒரு பகுதியை விழிப்புணர்வுப் பணி என்று எழுதிவிடுவார்கள். பிரிட்டனில் 2015இல் இறந்துபோன 92 வயது மூதாட்டியின் விவரங்கள் 99 அறநிறுவனங்களிடம் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டே அங்கே நிதி திரட்டுவதற்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு உருவானது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

250 விழுக்காட்டு வரிக் கழிவு என்றால்? 100 வெள்ளி கொடுத்தால் வரி விதிக்கப்படும் வருமானத்தில் 250 வெள்ளி குறையும். 7 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சம் 17 வெள்ளி 50 காசு.

பதிவான அறநிறுவனம் எல்லாவற்றுக்கும் இது உண்டா? இல்லை, பொதுநல அமைப்பு என்ற ஐபிசி தகுதி உள்ளவற்றுக்கு மட்டுமே. அந்தத் தகுதிக்கும் காலாவதித் தேதி உண்டு.

கோயில் உண்டியலில் போடுவது? சிராங்கூன் சாலையானாலும் சவுத் பிரிட்ஜ் சாலையானாலும், வழிபாட்டுக்குக் கொடுப்பதற்குப் பொதுவாகக் கழிவு இல்லை.

சம்பளத்தில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடிப்பது? அதில் தொலைபேசி நிறுவனத்துக்கு வேலையே இல்லை. விருப்பம் இல்லாவிட்டால் படிவம் நிரப்பி விலகலாம்.

இந்தியாவிலோ இலங்கையிலோ உதவப்போவதாகச் சொன்னால்? வெளிநாட்டுக்காக இங்கே பொதுமக்களிடம் திரட்ட அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் கேளுங்கள்.

கிரோவை நிறுத்த யாரிடம் சொல்வது? வங்கியிடமே சொல்லலாம், அழைத்தவரின் சம்மதம் தேவையில்லை.

அழைப்பு வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: “நீங்கள் அந்த அமைப்பின் ஊழியரா, கூலிக்கு அமர்த்திய நிறுவனமா?” “என்னைச் சேர்ப்பதற்கு உங்களுக்கு எவ்வளவு?” பதில் எதுவானாலும் அடையாள அட்டை எண்ணையும் வங்கி அட்டை எண்ணையும் அந்த அழைப்பில் சொல்லாதீர்கள். கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம். அமைப்பின் பெயரை அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் தேடி, ஐபிசி தேதியைச் சரிபார்த்து, அதே 20 வெள்ளியை அந்த அமைப்பின் சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். அப்போது அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் கழிவு தானாக வரிக் கணக்கில் ஏறிவிடும். 31ஆம் தேதி நள்ளிரவுவரை நேரம் இருக்கிறது.