ஏலம் இல்லாத அலைக்கற்றை: விலை வைப்பது யார்?

புது தில்லி: செயற்கைக்கோள் வழியாக இணையச் சேவை அளிக்கும் நிறுவனங்களுக்கு அலைக்கற்றையை ஏலம் விடத் தேவையில்லை, அரசே ஒதுக்கலாம் என்று முடிவு செய்ய நாடாளுமன்றத்துக்கு நான்கு நாள்கள் போதுமானதாக இருந்தன.

தொலைத்தொடர்பு மசோதாவை அப்போதைய துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2023 டிசம்பர் 18-ஆம் தேதி மக்களவையில் தாக்கல் செய்தார். 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. 24-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாகக் கொண்டு வரப்பட்ட மசோதா இது. ஆயினும், துறை சார்ந்த நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அது அனுப்பப்படவில்லை.

கேள்வி கேட்க அவையில் ஆளும் இல்லை. டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவைக்குள் இருவர் குதித்துப் புகை வீசிய சம்பவம் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் அளிக்க வேண்டும் என்று வலியுறுத்திய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அணி அணியாக இடைநீக்கம் செய்யப்பட்டனர். கூட்டத்தொடர் முடிந்தபோது இரு அவைகளிலும் சேர்த்து அந்த எண்ணிக்கை 146. தமிழகத்தைச் சேர்ந்த திமுக, காங்கிரஸ் உறுப்பினர்கள் பலரும் அதில் அடக்கம். நூற்றாண்டுக்கும் மேலான ஒரு சட்டத்தை மாற்றும் வேலை, பாதி காலியான இருக்கைகளுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது.

இந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, அலைக்கற்றையை ஏலத்தின் மூலமே ஒதுக்க வேண்டும் என்று பொது விதி வகுக்கிறது. உடனே, முதல் அட்டவணையில் உள்ளவை அதற்கு விதிவிலக்கு என்கிறது. பாதுகாப்புப் படைகள், வானிலை ஆய்வு, பேரிடர் மேலாண்மை என்று போகும் அந்த அட்டவணையில்தான் வீடுகளுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் டிடிஎச், விசாட் சேவைகளுடன் உலகளாவிய செயற்கைக்கோள் தொடர்புச் சேவையும் இடம் பெற்றுள்ளது. ஈலான் மஸ்கின் ஸ்டார்லிங்க், பார்தி குழுமம் பங்கு வைத்துள்ள யூடெல்சாட் ஒன்வெப், ஜியோவும் லக்சம்பர்க் நாட்டின் எஸ்இஎஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய நிறுவனம் ஆகிய மூன்றும் பெற்றுள்ள உரிமம் இந்த வகையைச் சேர்ந்தது.

ஏலம் வேண்டாம் என்பதற்கு வலுவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. செல்பேசிக் கோபுரத்துக்கான அலைவரிசையை ஒரு வட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு அளித்தால் அதே அலைவரிசையை அங்கு வேறொருவர் பயன்படுத்த முடியாது. செயற்கைக்கோள் அலைவரிசை அப்படியல்ல. தரையில் உள்ள ஆன்டெனா எந்தத் திசையை நோக்குகிறது என்பதைப் பொருத்து, ஒரே அலைவரிசையைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள இயலும். தவிரவும், சுற்றுப்பாதைகளும் அலைவரிசைகளும் ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக நாடுகளுக்கிடையே ஒத்திசைவு செய்யப்படுகின்றன. பூமியைச் சுற்றி வரும் செயற்கைக்கோளுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஏலம் நடத்தினால், ஏதாவது ஒரு நாட்டில் தோற்றாலும் சேவையில் ஓட்டை விழும்.

சந்தைப் பொருளாதாரத்தின் தலைமையகமான அமெரிக்காவே இதை ஏற்றுக்கொண்டது என்பது வேடிக்கை. 1964-இல் பல நாட்டு அரசுகளின் கூட்டமைப்பாகத் தொடங்கிய இன்டெல்சாட்டும், கப்பல்களுக்காக 1979-இல் தோன்றிய இன்மார்சாட்டும் சர்வதேச செயற்கைக்கோள் தொடர்பைத் தங்கள் பிடியில் வைத்திருந்தன. இந்தியாவின் சார்பில் அவற்றில் பங்கு வைத்திருந்தது அரசு நிறுவனமான விஎஸ்என்எல். இன்மார்சாட் 1999-இலும் இன்டெல்சாட் 2001-இலும் தனியார்மயமாயின. தனியார்மயமாகாவிட்டால் அமெரிக்கச் சந்தையின் கதவு மூடப்படும் என்று நெருக்கடி கொடுத்தது, 2000-ஆவது ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஆர்பிட் சட்டம். அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, சர்வதேச செயற்கைக்கோள் சேவைக்கான சுற்றுப்பாதையையோ அலைக்கற்றையையோ ஏலம் விடக் கூடாது என்று அந்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தடை விதித்தது.

ஆகவே, ஏலத்தைத் தவிர்த்ததில் குற்றம் காண்பது கடினம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏலம் நடந்தால் விலையைச் சந்தை சொல்லும். ஏலம் இல்லையென்றால் யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டும். அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி.

பழைய காயம்

இந்தக் கேள்வியின் கனத்தைத் தமிழக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008-இல் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி ரத்து செய்தது. பொதுச்சொத்தான அலைக்கற்றையை ஏலத்தில் விடுவதே சிறந்த வழி என்று அத்தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் மட்டுமே வழி என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை எனத் தெளிவுபடுத்தியது. இன்றைய சட்டத்துக்கு அடித்தளம் அந்த இரண்டாவது கருத்துதான்.

முன்னாள் அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்டோரை தில்லி சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது 2017 டிசம்பர் 21-ஆம் தேதி. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில்தான் ஏலமற்ற ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களவை ஒப்புதல் தந்தது. அந்த விடுதலையை எதிர்த்து சிபிஐ செய்த மேல்முறையீட்டை தில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பாடம், இந்திய விண்வெளித் துறைக்கு உள்ளேயே இருக்கிறது. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரைச் சேர்ந்த தேவாஸ் நிறுவனத்துடன் 2005 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் செய்தது. இரண்டு செயற்கைக்கோள்களின் வழியாக எஸ்-பேண்ட் அலைக்கற்றையில் 70 மெகாஹெர்ட்ஸை அந்நிறுவனம் பயன்படுத்த அது வழி செய்தது. ஏலமும் இல்லை, வெளிப்படையான விலை நிர்ணயமும் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து விவகாரம் வெடித்தபோது, நாட்டின் பாதுகாப்புத் தேவையைக் காரணம் காட்டி 2011 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் 2015-இல் 56.25 கோடி டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒப்பந்தமே மோசடியில் பிறந்தது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. இழப்பீட்டை வசூலிக்கும் வழக்கை அந்நாட்டு நீதிமன்றங்களில் தொடர, 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. கொடுத்தபோதும் யாரும் கேட்கவில்லை. பறித்தபோது கேட்டவர்களுக்கு விடை சொல்ல அரசு இன்னும் கடல் கடந்து வழக்காடுகிறது.

போட்டியாளர் கூட்டாளி ஆன கதை

2024 அக்டோபரில் தில்லியில் நடந்த இந்திய மொபைல் மாநாட்டில் பேசிய ஏர்டெல் தலைவர் சுனில் மிட்டல், நகர்ப்புற வாடிக்கையாளர்களை நாடும் செயற்கைக்கோள் நிறுவனங்களும் மற்றவர்களைப் போலவே அலைக்கற்றையை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றார். ஜியோவும் ஏலத்தையே கோரியது. 2022-இல் 5ஜி ஏலத்தில் மட்டும் ரூ. 1.5 லட்சம் கோடிக்கு அலைக்கற்றை விற்கப்பட்டது என்பதை நினைவில் கொண்டால் அவர்களின் ஆதங்கம் புரியும். அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா அசையவில்லை. ஒதுக்கீடு நிர்வாக முறையில்தான் நடக்கும், ஆனால் இலவசமாக அல்ல என்றார். மஸ்க் உடனே தமது எக்ஸ் தளத்தில் வரவேற்றார்.

ஐந்தே மாதங்களில் காட்சி மாறியது. 2025 மார்ச் 11-ஆம் தேதி ஏர்டெல்லும் மறுநாள் ஜியோவும் ஸ்டார்லிங்க் சேவையைத் தங்கள் கடைகள் வழியாக விற்க மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டன. 2021-இல் உரிமம் இல்லாமலேயே முன்பதிவு வாங்கியதற்காக அரசின் கண்டனத்துக்கு ஆளான ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது.

அலைக்கற்றைக்கு என்ன விலை என்பதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே 9-ஆம் தேதி பரிந்துரைத்தது. நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 4 சதவீதம். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ. 3,500, தாழ்வான சுற்றுப்பாதையில் இயங்கும் இணையச் சேவைக்கு நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 500 கூடுதல். ஒதுக்கீட்டுக் காலம் ஐந்து ஆண்டுகள், தேவைப்பட்டால் மேலும் இரண்டு ஆண்டுகள். இந்த விலை மிகக் குறைவு என்று செல்லுலார் நிறுவனங்களின் சங்கம் அதே மாதம் அரசுக்குக் கடிதம் எழுதியது. "சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய்" என்ற சொற்றொடருக்குப் பொருள் என்ன என்று பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த வழக்கு 2019-இல் முடிந்தபோது பழைய நிறுவனங்கள் தலையில் விழுந்த பாக்கி எவ்வளவு என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

டிராயின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம். இறுதி முடிவு அமைச்சகத்தினுடையது.

விலையைத் தவிர, கண்காணிப்பும் அரசின் கவலை. 2008-இல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தினர். 2024 டிசம்பரில் மணிப்பூரில் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் முத்திரை கொண்ட கருவியும் இருந்தது. 2025 மே மாதம் வெளியான பாதுகாப்பு நிபந்தனைகளில், தரவுகளை இந்தியாவிலேயே வைத்திருப்பது, எல்லையிலிருந்து 50 கிலோமீட்டர் வரை சிறப்புக் கண்காணிப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. இந்த அச்சத்துக்கு மறுபக்கமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நாட்டில் குற்றம் என்ற நிலையில், கரையிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் மீன் பிடிப்பவருக்குப் பேச வேறு வழியும் இல்லை. மலிவான சேவை யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பதில் அங்கிருந்துதான் வரும். விலையும் நிபந்தனையும் எழுதப்படுவது தில்லியில்.

எந்தெந்தச் சேவைக்கு ஏலம் தேவையில்லை என்ற முதல் அட்டவணையை அறிவிக்கை ஒன்றின் மூலம் மத்திய அரசே திருத்தலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அத்தகைய திருத்தம் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்பட வேண்டும். மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர்கள் எழுந்து பட்டியலின் எண்ணைச் சொல்லித் தாக்கல் செய்யும் ஆவணங்களோடு அதுவும் மேசைக்கு வரும். அந்த நேரத்தில் உறுப்பினர்கள் பெரும்பாலும் தேநீருக்காக வெளியே போய்க் கொண்டிருப்பார்கள்.