உயிருள்ள மருந்துக்கு உத்தரவாதம் தேவை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நெற்பயிரைக் குலைநோயும் இலையுறைக் கருகலும் தாக்குவது செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதன்று. நிலக்கடலை பயிரிடுவோருக்கு வேரழுகல் கவலை. நோய் கண்ட பின்னர் கடன் வாங்கியேனும் ரசாயனப் பூசணக்கொல்லி தெளிப்பதே புதுப்பட்டினம் முதல் மதுராந்தகம் வரை வழக்கமாக இருக்கிறது. நோயை முன்கூட்டியே தடுக்கும் காவல்படையோ மண்ணுக்குள்ளேயே உள்ளது.

'சூடோமோனாஸ் புளோரசன்ஸ்' என்னும் பாக்டீரியா, வேரில் கசியும் சர்க்கரைப் பொருள்களை உண்டு, வேரைச் சுற்றியே பெருகுகிறது. மண்ணிலுள்ள இரும்பைத் தான் கவர்ந்துகொண்டு, நோய்ப் பூசணங்களுக்கு அது கிட்டாமல் செய்கிறது. அவற்றை ஒடுக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. பயிரின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை டால்க் பொடியில் கலந்த வடிவில் பரிந்துரைக்கிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் போதும். நாற்றின் வேரை இதன் கரைசலில் நனைத்து நடலாம், ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம் தொழுவுரத்துடன் கலந்து வயலில் இடலாம். இது வருமுன் காப்பது. நோய் முற்றிய பயிரை மீட்பதன்று.

ஆயினும், இது ஏன் பரவலாகவில்லை? விலை அதற்குக் காரணமன்று. 2025 செப்டம்பரில் இது உள்ளிட்ட உயிரி மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நம்பகத்தன்மை இல்லாததே சிக்கல். வெயிலில் கிடந்த, காலாவதியான பொடியில் பாக்டீரியா மடிந்திருக்கும். ஆனால், உயிருள்ள பொடிக்கும் உயிரற்ற பொடிக்கும் கண்ணால் வேறுபாடு காண இயலாது.

தரத்தை விற்பவர் அறிந்து, வாங்குபவர் அறியாத சந்தையில் தரமற்ற சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று 1970-இல் விளக்கினார், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். ஒருமுறை ஏமாந்த விவசாயி ரசாயனத்துக்கே திரும்புகிறார். நேர்மையான உற்பத்தியாளரும் நலிகிறார்.

வரிக்குறைப்பு மட்டும் இதற்குத் தீர்வாகாது. கடைகளிலிருந்து மாதிரிகளை எடுத்து, உயிருள்ள பாக்டீரியாவின் எண்ணிக்கையைச் சோதித்து, முடிவுகளை நிறுவனங்களின் பெயருடன் வெளியிட வேண்டும். வேளாண் விரிவாக்க மையங்கள் விதைப்புக்கு முன்பே புதிய சரக்கை வழங்க வேண்டும். விவசாயிகளும் உற்பத்தித் தேதி பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, ரசாயனப் பூசணக்கொல்லியுடன் கலக்காமல் பயன்படுத்த வேண்டும்.

ஆய்வகம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் பயன் வயலைச் சென்றடைவதை உறுதிசெய்வது அரசின் பொறுப்பு.