பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம்: பணத்துக்கு ஏற்ற பெறுமதி கிடைக்கிறதா?

தவணைப் பரீட்சை நெருங்கினால் ஆசிரியர் அறையில் மையின் விலை பற்றிய பேச்சுத்தான். வினாத்தாள்களை வீட்டிலேயே அச்சிடலாம் என்று பிரிண்டர் வாங்கியவர்கள், அடுத்த கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகும்போது திகைக்கிறார்கள். கறுப்பும் கலரும் சேர்ந்தால் சில வேளை பிரிண்டரின் விலையையே தொட்டுவிடுகிறது.

இது தற்செயலாக நடப்பதல்ல, ஒரு வியாபார முறை. இயந்திரத்தைக் குறைந்த இலாபத்துக்கோ நட்டத்துக்கோ விற்று, பிறகு பல வருடங்களுக்கு மையில் சம்பாதிப்பது. எச்.பி. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த என்ரிக்கே லோரஸ் 2024 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பிரிண்டர் வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் நிறுவனத்தின் ஒரு முதலீடு, அவர் போதிய அளவு அச்சிடாவிட்டாலோ, நிறுவனத்தின் மையைப் பாவிக்காவிட்டாலோ அது மோசமான முதலீடு.

வேறு நிறுவனத்தின் மலிவான கார்ட்ரிட்ஜைப் போட்டால் என்ன? 2016 செப்டெம்பரில் எச்.பி.யின் சில பிரிண்டர்கள் அப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. நிறுவனம் முன்னரே அனுப்பியிருந்த மென்பொருள் மாற்றமே காரணம். எதிர்ப்புக் கிளம்பவே, முறையாக அறிவிக்கத் தவறியதற்கு வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. 2020 டிசம்பரில், இத்தகைய கட்டுப்பாடுகளை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அதிகார சபை எச்.பி.க்கு 10 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது.

நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மை தயாரிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் செலவாகிறது, பிற கார்ட்ரிட்ஜ்களால் தரமும் பாதுகாப்பும் பாதிக்கப்படலாம் என்பது அதன் வாதம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் விலை அதிகமாக இருப்பது வேறு, அதை விற்கும்போது சொல்லாமல் விடுவது வேறு. முன்கூட்டியே சொன்னால் அது வியாபாரம். மறைத்தால் அநியாயம்.

நாம் செய்ய வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. கார்ட்ரிட்ஜின் விலையை அது அச்சிடும் பக்கங்களால் வகுங்கள். உதாரணத்துக்கு, 6,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 120 பக்கம் அச்சிட்டால் ஒரு பக்கத்துக்கு 50 ரூபாய். 3,000 ரூபாய் மைப் போத்தல் 4,000 பக்கம் அச்சிட்டால் 1 ரூபாய்கூட ஆகாது. போத்தல் மை ஊற்றும் பிரிண்டர் 35,000 ரூபாய் அதிகமாக இருந்தாலும், சுமார் 710 பக்கங்களில் அந்த வித்தியாசம் ஈடாகிவிடும்.

இந்தப் போத்தல் பிரிண்டர் வந்த கதையிலும் பாடம் உண்டு. எப்சன் இதை முதலில் 2010இல் இந்தோனேசியாவில்தான் அறிமுகப்படுத்தியது. அங்கு மக்கள் கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் பிரிண்டருக்கு வெளியே மைத் தாங்கி பொருத்திப் பாவித்து வந்தார்கள். அதைப் பார்த்த நிறுவனம் தானே அப்படியொன்றைச் செய்து விற்றது. பின்னர் கெனன், எச்.பி. போன்றவையும் அதே வழிக்கு வந்தன. வாங்குபவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் நிறுவனங்களும் மாறின.

ஆனால் மாதம் பத்துப் பக்கம் மட்டுமே அச்சிடுபவருக்கு எந்தப் பிரிண்டரும் இலாபமில்லை. பாவிக்காமல் கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கொமியூனிகேஷன் கடையே போதும்.

பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: மையின் விலை என்ன? அது எத்தனை பக்கம் அச்சிடும்? பிற நிறுவன மையை ஏற்குமா? பற்றுச்சீட்டில் மொடல் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். சொன்னது பொய்யானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.