உஷார்! கால் எட்டாத வண்டி வாங்கியிருக்கிறீர்களா?

மதுரையில் பத்து வருஷத்துக்கு முன்னால் அபூர்வமாகக் கண்ணில் பட்ட அட்வெஞ்சர் வண்டிகள் இப்போது தெருவுக்கு ஒன்று நிற்கின்றன. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கே.டி.எம். 390 அட்வெஞ்சர், சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. மதுரையில் பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் கம்பெனியும் 2025 அக்டோபரில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்று ஒன்றை இறக்கிவிட்டது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அருமையான வண்டிகள்தான். ஆனால் வாங்கிய முதல் வாரமே கொடைக்கானலுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மலையில் கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மலைக்குப் போகும் முன்னே, ஷோரூம் வாசலில் இருந்து வீட்டு வாசல் வருவதற்குள் என்ன நடக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. சீட் உயரம் 785 மி.மீ. 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. சீட் 825 மி.மீ. நாலு சென்டிமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். சீட்டின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொடை விரிய விரிய, கால் தரையை விட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். ஐந்தரை அடிக்குக் கீழே உள்ளவருக்கு உள்ளங்கால் முழுசாகப் பதியாது, முன்பாதம்தான் படும்.

இப்போது சிம்மக்கல்லில் நெரிசலுக்குள் நிற்கிறீர்கள். முன்னால் ஷேர் ஆட்டோ சட்டென்று நிற்கிறது. நீங்களும் பிரேக்கைப் பிடித்து இடது காலை ஊன்றுகிறீர்கள். அந்த இடத்தில் தார் முடிந்து அரையடி பள்ளமாக மண் கிடக்கிறது. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, நம் ஊரில் பல இடத்தில் ஓரம் இப்படித்தான் இருக்கிறது. கால் தரையைத் தேடிக்கொண்டே கீழே இறங்குகிறது, வண்டியும் கூடவே சாய்கிறது. ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் இருநூறு கிலோவை எந்தப் பயில்வானாலும் நிறுத்த முடியாது. ஆனாலும் புது வண்டியாயிற்றே, விடமாட்டார்கள். தாங்கிப் பிடிக்கப் பார்ப்பார்கள். முழங்கால் திருகுவதும், கணுக்கால் எலும்பு முறிவதும், இடுப்பு பிடித்துக்கொள்வதும் அப்போதுதான். வேகம் பூஜ்யம், ஆனால் மாவுக்கட்டு மாசக்கணக்கில்.

சாயத் தொடங்கிவிட்ட வண்டியை விட்டுவிடுங்கள். ஹேண்டிலை விட்டுக் காலை உருவிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். லீவரும் இண்டிகேட்டரும் கடையில் கிடைக்கும். பிறகு தூக்கும்போதும் குனிந்து இழுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்து வையுங்கள். சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, காலால் உந்தி பின்னோக்கி நடந்து தூக்குங்கள். வாங்குவதற்கு முன்பே ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்த்து, உயரம் குறைந்த சீட் உண்டா என்று கேளுங்கள். ஹிமாலயனுக்கு உண்டு. கேட்பதில் என்ன வெட்கம்?

அடுத்தது பிரேக். நூறு சி.சி. வண்டியிலேயே வளர்ந்த நம்மில் பலருக்குக் கால் பிரேக்தான் எல்லாம். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ சிறு வயதில் சொல்லிவைத்தது மனசில் ஊறிக் கிடக்கிறது. பெரிய வண்டியில் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான். திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் நூறில் போகிறீர்கள் என்றால் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறீர்கள். எதிரே ராங் சைடில் ஒரு டி.வி.எஸ். 50, பின்விளக்கு இல்லாத டிராக்டர், சென்டர் மீடியன் இடைவெளியில் திடீரென்று இறங்கும் ஆட்டுக்கிடை, எது வந்தாலும் நீங்கள் பார்த்துக் கை அசையும் முன்பே அந்த 28 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு வெறும் கால் பிரேக்கை மிதித்து என்ன பயன்? ஆளில்லாத ரோட்டில் நாற்பது, ஐம்பது என்று தொடங்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள். சஸ்பென்ஷன் நீளம் என்பதால் முன்பக்கம் நன்றாக அமுங்கும். முதல் தடவை பதறத்தான் செய்வீர்கள். அந்தப் பதற்றம் பழகுகிற இடத்திலேயே தீர்ந்துவிட வேண்டும், டிராக்டருக்குப் பின்னால் வரக்கூடாது.

இந்த வண்டிகள் பலவற்றில் பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்து வைக்கலாம். மண் ரோட்டுக்கான வசதி அது. அணைத்துவிட்டு அப்படியே தார் ரோட்டுக்கு வந்துவிடாதீர்கள். சாவியை அணைத்துப் போட்டால் தானாகத் திரும்பிவிடும் என்று நம்பி இருக்காமல், மீட்டரில் விளக்கைப் பாருங்கள்.

எந்த ரோட்டுக்கும் போகும் என்றுதானே வாங்கினோம், கண்மாய்க் கரையில் விட்டுப் பார்ப்போம் என்று அடுத்து தோன்றும். இங்கேதான் நம் சமவெளி வேறு விதம். விளம்பரத்தில் காட்டுவது லடாக். நம் கரைகளில் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட கிளை காய்ந்து, முள் மட்டும் இரும்பாணி மாதிரி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். டயரின் கட்டைகளுக்கு நடுவே, ரப்பர் மெலிசாக இருக்கிற இடமாகப் பார்த்து ஏறும். ட்யூப் உள்ள கம்பிச் சக்கரம் என்றால் காற்று சட்டென்று இறங்கிவிடும். ஹிமாலயன் 450-இல் ட்யூப் வகையும் வந்திருக்கிறது, ட்யூப்லெஸ் வகையும் வந்திருக்கிறது. உங்களுடையது எது என்று பில் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அதன் முன் சக்கரம் 21 அங்குலம். பேரையூர்ப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் போய் 21 அங்குல ட்யூப் கேட்டால் அவர் எங்கே போவார், பாவம்? ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லாதபோது பின் சக்கரத்துக்கும் அதைத் திணித்து ஊர் சேர்ந்துவிடலாம்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசலில் மழை பெய்த அன்று இறங்கவே இறங்காதீர்கள். அந்த மண் டயரில் அப்பி, மட்கார்டுக்கு அடியில் திரண்டு சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். சைடு ஸ்டாண்டும் புதைந்து வண்டி தானாகச் சாயும், அடியில் ஒரு தட்டைக் கல்லாவது வையுங்கள். அறுவடை நாளில் கிராமத்து ரோட்டில் உளுந்தும் சோளமும் காயும். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானமே கிடையாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக வைத்து, மெல்லக் கடந்துவிடுங்கள்.

மலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திண்டுக்கல்லைத் தாண்டினால் சிறுமலை, பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசி வளைவு என்பது சரிவில் அடிக்கிற யூ-டர்ன். சமதரையில், காலை ஊன்றாமல், பாதி கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, திரும்பப் போகிற பக்கம் தலையைத் திருப்பி ஒரு யூ-டர்ன் அடிக்க வராதவர், எதிரே பஸ் இறங்கும்போது பதினெட்டை எப்படி அடிப்பார்? ஊரோரப் பொட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதை மட்டும் பழகுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் பழகுங்கள்.

காகிதத்திலும் உஷார். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருஷ இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த ஐந்து வருஷம் மூன்றாம் நபருக்கு மட்டும்தான். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். அஞ்சு வருஷம் கட்டியாச்சு என்று இருந்துவிட்டு, இரண்டாம் வருஷம் விழுந்த பிறகு பேப்பரைப் பிரித்துப் பார்க்கிறார்கள். 2025 செப்டம்பரில் இருந்து 350 சி.சி.க்கு மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்பதால் செகண்ட் ஹேண்ட் தேடுவோரும் உண்டு. அப்படி வாங்கினால் ஆர்.சி. மாற்றுவதோடு நிற்காமல், பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தால் சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

கடைசியாக, பின்னால் உட்காருகிறவர். நம் வீட்டுப் பெண்கள் சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து பழகியவர்கள். இவ்வளவு உயரத்தில், சைடு பாக்ஸுக்கு மேல், ஒரு பக்கமாக ஒருவர் ஏறினால் அந்த நொடியிலேயே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். உங்கள் கால் முழுசாக ஊன்றாத வண்டி இது. பாக்ஸ் மாட்டுவதற்காகச் சேலை கார்டைக் கழற்றியிருந்தால் முந்தானை சக்கரத்துக்குள் போக வழி திறந்தே கிடக்கிறது. பாக்ஸைக் கழற்றி கார்டைத் திரும்ப மாட்டுங்கள். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, 'ஏறு' என்று சொன்ன பிறகுதான் அவர் ஏற வேண்டும். ஹெல்மெட் அவருக்கும் கட்டாயம். பழைய ஸ்ப்ளெண்டரை அவசரப்பட்டு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார முடியாது என்று அம்மா சொன்னால், கோயிலுக்கு அதிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.