ஒரு பெரிய டிவியா, ரெண்டு சின்ன டிவியா? ஆள் கூடுற வீட்டுக்கு எது செட் ஆகும்?

கடந்த தீபாவளிக்கு ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 55 இன்ச் ஸ்மார்ட் டிவி வந்தது. ஹாலில் இருந்த பழைய 32 இன்ச் டிவி கழற்றப்பட்டு, கட்டிலுக்கு அடியில் போனது. "இனி எல்லாமே ஆப்லயே வந்துடும், கேபிளுக்கு எதுக்கு மாசாமாசம் காசு?" என்று அண்ணன் கேபிள் இணைப்பையும் துண்டித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தோம், அம்மாயி ஹால் பக்கமே வருவதில்லை. கேட்டதற்கு, "அதுல எங்க அமுத்தறதுன்னே தெரியல கண்ணு. தொட்டா என்னமோ இங்கிலீசுல வருது" என்றார்.

முன்பு அது நான்கு பேர் இருந்த வீடு. அண்ணனுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அப்புச்சி இறந்த பிறகு அம்மாயியும் எங்களோடு வந்துவிட, இப்போது ஏழு பேர். ஆள் கூடியதால் டிவியைப் பெரிதாக்கினோம். யார், எப்போ, என்ன பார்ப்பாங்க என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாலு மாடலை ஒப்பிட்டு எக்ஸெல் ஷீட் போட்டதே நான்தான்.

புது டிவி வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? இன்ச் கணக்குக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதல்ல ஆட்கள், அப்புறம் இன்ச்

ஒரு பேப்பரில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை எழுதுங்கள். யார் எந்த நேரத்தில் என்ன பார்ப்பார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். எங்கள் வீட்டில் 6 மணிக்கு குழந்தையின் கார்ட்டூன், 7 மணியிலிருந்து அம்மாவுக்கும் அம்மாயிக்கும் சீரியல், ஐபிஎல் சீசன் என்றால் ஏழரைக்கு மேட்ச், ஒன்பது மணிக்கு மேல் அண்ணன், அண்ணியின் வெப் சீரிஸ். ஏழரை மணிக்கு மூணு பேருக்கு மூணு டிவி தேவை! இந்த மோதல் வாரத்தில் ஒரு நாள் என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தினமும் என்றால், 55 இன்ச்சுக்கு வைத்திருக்கும் பட்ஜெட்டை உடைத்து, ஹாலுக்கு ஒரு 43 இன்ச், உள்ரூமுக்கு ஒரு சின்ன டிவி என்று பிரிப்பதுதான் நல்லது.

ஒரே டிவியை ஊரே பார்த்த காலம் ஒன்றும் ரொம்பத் தூரத்தில் இல்லை. 2006 செப்டம்பரில் திமுக ஆட்சியில் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியபோது வீடு வீடாக வந்தது 14 இன்ச் பெட்டிதான். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. அப்போது ஹாலில் பாய் விரித்து, ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் போடுவதை எல்லோரும் பார்த்தோம். இப்போது அந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது.

ரெண்டாவது டிவிக்கு ரெண்டாவது பில்

டிவி விலை ஒரு தடவை. மாசச் செலவுதான் தொடர்ந்து வரும். கேபிள், டிடிஎச் இரண்டுக்கும் அடிப்படை இணைப்புக் கட்டணம் ஒன்று, அதன் மேல் கட்டணச் சேனல்களின் விலை இன்னொன்று. 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த முறைப்படி முதல் 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால், அதற்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதாவது 52 ரூபாய், பிளஸ் வரி.

2024 ஜூலையில் டிராய் இந்த அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பையே எடுத்துவிட்டது. இப்போது ஏரியாவுக்கு ஏற்ப, இணைப்புக்கு ஏற்ப ஆபரேட்டரே கட்டணம் வைக்கலாம். ஆகவே உங்கள் கேபிள்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "ரெண்டாவது பாக்ஸுக்கு மாசம் எவ்வளவு? பாக்ஸுக்கு தனியா எவ்வளவு?" இன்னொரு விஷயம், ரெண்டு டிவியிலும் ஒரே பேக்கேஜ்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு டிவிக்கும் வேறு வேறு சேனல்களைத் தேர்வு செய்யலாம். அம்மாயி ரூமுக்கு சீரியல் வரும் ரெண்டு மூணு சேனல் போதும். ஸ்போர்ட்ஸ் பேக் எதற்கு?

கேபிளே வேண்டாம், ஓடிடி போதும் என்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். நெட் பில், ரெண்டு மூணு ஆப் சந்தா என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மிச்சமாகும் என்று நினைத்த தொகை பெரும்பாலும் அங்கேயே போய்விடுகிறது. மழைக்கு நெட் போனால் மொத்த வீடும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

சரி, எத்தனை இன்ச்?

உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். திரையின் மூலைவிட்ட அளவைப் போல சுமார் 1.6 மடங்கு தூரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 32 இன்ச்சுக்கு நாலேகால் அடி, 43 இன்ச்சுக்கு ஆறு அடிக்குச் சற்றுக் குறைவு, 55 இன்ச்சுக்கு ஏழேகால் அடி. நம் பக்கத்து லைன் வீடுகளில் பத்துக்குப் பத்து ஹாலில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சுவது ஆறு அடிதான். அங்கே 43 தாராளம்.

பழைய வீடுகளில் டிவிக்காகவே சுவரில் கட்டிய சிமென்ட் ஷெல்ஃப் இருக்கும். 43 இன்ச் டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ., 55 இன்ச் சுமார் 122 செ.மீ. ஷெல்ஃப் நாலு அடிக்குள் என்றால் 55 உள்ளே போகாது. அதை எடுத்து ஷெல்ஃபுக்கு மேலே சுவரில் மாட்டுவார்கள். சோபாவில் இருப்பவருக்கே அது உயரம். நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள். இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து என்ன ஆகும்? தரையில் உட்காரும் ஆளின் கண் மட்டத்தையும் ஒருமுறை அளந்துவிட்டு ஆணி அடியுங்கள்.

4கே பற்றி ஒரு வார்த்தை. 4கே திரையில் 2,160 வரிகள் இருக்கும். சாதாரண எஸ்டி கேபிள் சேனல் அனுப்புவது 576 வரிகள். அதைப் பெரிய திரையில் இழுத்து நிரப்பும்போது முகமெல்லாம் மங்கலாகத் தெரியும். டிவி கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு போன் போடுவது இதனால்தான். எஸ்டி சீரியல் பார்க்க உண்மையில் 32 இன்ச் திரையே கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கிடந்த எங்கள் பழைய டிவிக்கு அன்றைக்கே மதிப்பு கூடிவிட்டது.

தறிச் சத்தம் கேட்ட காதுகள்

எந்த ரிவ்யூவிலும் வராத ஒரு விஷயம் இது. பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறி ஊர்கள். தறிக்கூடத்தில் இருபது, முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது மந்தமாவது சாதாரணம். எங்கள் அம்மாயியும் தறிக்கூடத்தில் தார் சுத்தியவர்தான். அவருக்குக் கேட்கும் அளவுக்கு வால்யூம் வைத்தால் குழந்தை தூங்காது. குறைத்து வைத்தால் அவர் வெறும் படம்தான் பார்க்க வேண்டும்.

டிவி மெலிதாக ஆக ஆக உள்ளே ஸ்பீக்கருக்கு இடம் குறைந்துகொண்டே போகிறது. பல மாடல்களில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருக்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் ஹாலில் சத்தம் எதிரொலித்து, வசனம் புரியாது. கடையில் 'எத்தனை வாட்ஸ்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு செய்தி சேனலைப் போடச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். தெளிவு இல்லை என்றால் சவுண்ட்பாருக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். டிவியில் 'ஆர்க்' அல்லது 'இ-ஆர்க்' என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் ஒரே வயரில் வேலை முடிந்துவிடும், ஒரே ரிமோட்டில் வால்யூமும் மாறும். வயதானவர்கள் இருந்தால் ப்ளூடூத் ஹெட்போன் இணையுமா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு வீட்டில் ரெண்டு பேரும் நிம்மதியாக இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

குழந்தை இருக்கும் வீடு

இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன வழிகாட்டுதல். சாப்பாடு ஊட்டும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் அண்ணியைக் கேட்டால் சொல்வார். குழந்தைகளுக்கான தனி புரொஃபைலும் நேரக் கட்டுப்பாடும் இருக்கும் டிவியாகப் பார்த்து, வாங்கிய அன்றைக்கே செட் செய்துவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் நடக்காது.

ஹால் டிவி ஸ்மார்ட்டாக இருந்தால் போதும். உள்ரூம் டிவிக்கும் ஆப் வேண்டும் என்றால் புது டிவி வாங்க அவசியமில்லை. எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும் எந்தப் பழைய டிவியிலும் சில ஆயிரம் ரூபாய் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் சொருகினால் ஸ்மார்ட் ஆகிவிடும்.

கடைக்குப் போகும்போது

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடிப்படை விலை 25,000 என்றால் முன்பு 32,000 கொடுத்திருப்பீர்கள், இப்போது 29,500. 32 இன்ச்சுக்கும் அதற்குக் கீழும் ஏற்கெனவே 18 சதவீதம்தான். "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சார்" என்று 32 இன்ச்சைக் காட்டி யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஷோரூமில் எல்லா டிவியும் டெமோ மோடில் பளபளக்கும். பென்டிரைவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டையோ கல்யாண வீடியோவையோ எடுத்துப்போய் சாதாரண மோடில் போட்டுப் பாருங்கள். நோ-காஸ்ட் இஎம்ஐ என்றால், மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி அதில் உண்டா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு கேள்வி. ஆன்லைனில் வாங்குபவர்கள் உங்கள் பின்கோடுக்கு சர்வீஸ் உண்டா, ஆள் சேலத்திலிருந்து வருவாரா கோவையிலிருந்தா என்று முதலிலேயே பாருங்கள். பேனல் உடைந்தால் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலை. வாரண்டி கார்டில் பேனலுக்கு எத்தனை வருஷம் என்பதைத் தனியாகப் படியுங்கள்.

இடி, கரண்ட் பில்

சித்திரை, வைகாசி கோடை மழையில் இடியோடு வரும் மின்னல்தான் இந்தப் பக்கம் டிவிகளுக்கு எமன். பிளக்கைப் பிடுங்குபவர்கள் கேபிள் வயரை விட்டுவிடுகிறார்கள். அதன் வழியாகவும் மின்னழுத்தம் உள்ளே பாயும். ரெண்டையும் கழற்றுங்கள். டிவியின் பின்னால் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவைப்படாது. திடீரென்று எகிறும் வோல்டேஜுக்கு ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டரும், ஒழுங்கான எர்த்திங்கும் வேண்டும்.

80 வாட் டிவி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட். ரெண்டு டிவி என்றால் 58. பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்கள் பில் ஏற்கெனவே 460, 470 யூனிட்டில் நிற்கிறதா? 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆச்சு? கேபிள்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, பழைய 32 இன்ச்சை அம்மாயி ரூமில், கட்டிலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் மாட்டினோம். ஹாலில் ஆப், உள்ளே கேபிள். செட் டாப் பாக்ஸ் ரிமோட்டில் அவருக்கு வேண்டிய சேனல் நம்பர் மூன்றையும் ஸ்கெட்ச்சில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த டிவியில் ப்ளூடூத் இல்லை என்பதால் பின்பக்கம் வயர் போட்டு ஹெட்போன். இப்போது ஏழு மணிக்கு ஹாலில் கார்ட்டூன் நீண்டாலும் சண்டை இல்லை. விளம்பர இடைவேளையில் மட்டும் ஹெட்போனோடு சேர்த்து அம்மாயி எங்களைக் கூப்பிடுவார், ஏக சத்தமாக.